தம்புரான் வயிற்றில் ஒன்பது மணி

வலியசாலைக் கல்யாணப் பந்தலில், மணமேடையை ஒட்டிப் போட்ட நாற்காலியில், அரண்மனையிலிருந்து வந்த தம்புரான் தூங்குகிறார். அவர் வயிற்றின் மேல் தங்கச் சங்கிலியோடு பாக்கெட் கடிகாரம் திறந்து கிடக்கிறது. அதற்குள் நிலாவுக்கென்று தனியாக ஒரு ஜன்னல். பக்கவாட்டில் ஒரு விசை, அழுத்தினால் மணியடித்து நேரம் சொல்லும். பந்தலில் எல்லார் கையிலும் கடிகாரம் உண்டு. ஆனாலும் பெண்ணின் அப்பா ஸ்ரீகண்டன் வீட்டில் மூன்று தலைமுறையாக இந்தக் கொட்டாரத்துக் கடிகாரம் அடித்த பிறகுதான் தாலி ஏறும். தம்புரான் மூச்சு விடும்போதெல்லாம் தங்க மூடியின் வெளிச்சம் வாத்தியாரின் வழுக்கையில் ஏறி இறங்குகிறது. தாலியை ஏந்திய மாப்பிள்ளை கடிகாரத்தையே பார்க்கிறார். "முகூர்த்தம் முடியப் போறது ஓய்" என்கிறார் வாத்தியார். மகளை மடியில் வைத்திருக்கும் ஸ்ரீகண்டனால் எழுந்திருக்கவும் முடியவில்லை. "தம்புரானைத் தொட்டு எழுப்பறதா? சிவசிவா!" "அவரைத் தொட வேண்டாம்ப்பா" என்கிறாள் மடியில் இருக்கும் கோமதி. மருதாணி போட்ட கை நீள்கிறது, ஒரு விரல் விசையை அழுத்துகிறது. வயிற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஒன்பது மணி மெல்ல ஒலிக்கிறது. "கெட்டிமேளம்!" மேளம் இடிக்கிறது, அட்சதை பறக்கிறது, தாலி ஏறிவிடுகிறது. தம்புரான் அசையவில்லை. மேளம் நின்ற அமைதியில்தான் அவருக்கு விழிப்பு வருகிறது. மடியில் விழுந்த அட்சதையைத் தட்டிவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, விசையைத் தாமே அழுத்துகிறார். கடைசி மணி ஓயும்வரை ஒரு கையை உயர்த்திப் பிடித்திருக்கிறார். "ம்... இனி தாலி கெட்டிக்கோளு." ஸ்ரீகண்டன் மகள் தோளுக்கு மேலாகக் கைகூப்புகிறார். "உத்தரவு." நாதஸ்வரக்காரர் மறுபடியும் தொடங்குகிறார்.