சிறந்த வாசகரின் கடைசிப் புத்தகம்

வாசிப்பு ஒரு தவம் என்று அவர் சொன்னதும் அரங்கம் அமைதியானது.

கிளை நூலகத்துக்குப் பின்னால் முதல் ஈடு பஜ்ஜி எண்ணெயில் விழும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

தோளில் பொன்னாடை. கையில் கேடயம். வாசகர் வட்டத்தின் இந்த வருடத்துச் சிறந்த வாசகர் அவர்தான்.

பொருத்தமானவர்தான். இருபது வருடமாகக் காலை எட்டரைக்கு நாளிதழ் மேசையில் முதல் ஆளாக உட்காருகிறார். ஒன்பதரைக்குள் அணைகளில் தண்ணீர் திறப்பது, வட்டி விகிதம், கிரிக்கெட் அணித் தேர்வு மூன்றையும் தீர்த்துவிடுவார். பத்து மணிக்கு அவை வாட்ஸப் குழுவில் வந்து விழும். ஒவ்வொன்றும் 'அண்மை வாசிப்பில் தோன்றியது' என்று தொடங்கும்.

என்ன வாசித்தீர்கள் என்று யாரும் கேட்டதில்லை.

கேட்டால் சொல்லிவிடுவார் என்ற பயம்தான்.

அவர் தவத்தை விளக்கி முடித்ததும் நூலகர் மயில்சாமி பதிவேட்டோடு மேடையேறினார். விருதுக்கு ஆளைத் தேர்ந்தெடுத்தது அந்தப் பதிவேடுதான் என்று விருது வாங்கியவருக்கே அப்போதுதான் தெரிந்தது. அவருடைய உறுப்பினர் அட்டையில் இந்த வருடம் நூற்று நாற்பத்தாறு புத்தகங்கள் போயிருக்கின்றனவாம்.

கைதட்டினார்கள்.

அவர் கடைசியாகப் புத்தகம் எடுத்தபோது மகள் ஐந்தாம் வகுப்பு. இப்போது மகளின் மகள் ஐந்தாம் வகுப்பு.

அட்டை எங்கே இருக்கிறது என்று யோசித்தார். மனைவி ருக்குமணியின் கைப்பையில் பார்த்த ஞாபகம்.

அவள் இரண்டாம் வரிசையில் இருந்தாள். மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குக்கர் விசில் அடிக்கும்வரை அடுப்படியில் நின்றபடியே எதையோ புரட்டிக்கொண்டிருப்பாள். கோலப் புத்தகம் என்று அவர் நினைத்திருந்தார்.

இப்போதே சொல்லிவிடலாம். ஒரு வரிதான். அட்டை என்னுடையது, படித்தது அவள்.

கொஞ்சம் சிரிங்க சார் என்றார் புகைப்படக்காரர்.

சிரித்தார்.

ஒரே வீடு. ஒரே கூரையின் கீழ் நடந்த வாசிப்பு. நமக்கும் கொஞ்சம் ஒட்டியிருக்காதா?

வாசகர் வட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. விருது வாங்கியவர் கடைசியாக எடுத்த புத்தகத்தைக் கையில் கொடுத்து, அதைப் பற்றிப் பேசச் சொல்வார்கள். மயில்சாமி அந்தப் புத்தகத்தை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றார். வேறு ஏதாவது புத்தகம் கொடுக்கட்டுமா என்று வட்டத் தலைவர் நாச்சிமுத்துவின் காதில் கேட்டார். வழக்கம் வழக்கம்தான் என்று நாச்சிமுத்து சொல்லிவிட்டார்.

கறுப்பு ரெக்சின் அட்டை போட்டுத் திரும்ப பைண்டு செய்த புத்தகம். வெளியே தலைப்பு இல்லை. முதுகில் ஓர் எண் மட்டும்.

பிரித்தார். பக்கம் முழுக்கச் சாம்பலாகத் தெரிந்தது.

படத்தில் பளபளக்கும் என்று கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார்.

ருக்குமணி பாதி எழுந்தாள். கைப்பையில் எடுத்து வந்திருந்த அவருடைய கண்ணாடிக் கூட்டை மேடைப்பக்கம் நீட்டினாள்.

"ஏனுங்க. இதப் போட்டுட்டு ஒருக்காப் பாத்துட்டுப் பேசுங்க."

அவர் புன்னகையோடு கையமர்த்தினார். படித்து முடித்தவனுக்குக் கண்ணாடி எதற்கு என்பதுபோல.

அவள் உட்கார்ந்துவிட்டாள்.

அவர் பன்னிரண்டு நிமிடம் பேசினார்.

மேலோட்டமான வாசகனுக்கு இந்த நூல் பிடிபடாது என்றார். ஒரு வீட்டுக்குள் இரண்டு பேர் தனித்தனியாக அனுபவிக்கும் துயரத்தை இது தொடுகிறது என்றார். மௌனத்தை நோக்கிய பயணம் என்றார். நடுவில் பணவீக்கத்தையும் ஒரு தொடு தொட்டார். நாடு இருக்கிற நிலையில் ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு பிரதி இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

மூன்று இரவுகள் இந்தப் புத்தகம் தன்னைத் தூங்கவிடவில்லை என்று சொல்லும்போது குரல் தழுதழுத்தது.

ருக்குமணிக்கு இருமல் வந்தது.

மயில்சாமி குனிந்து, கழன்றிராத செருப்பைச் சரிசெய்தார்.

நாச்சிமுத்து துண்டால் கண்ணை ஒற்றியபடி மைக்குக்கு வந்தார். முப்பத்தாறு வருடத்தில் இப்படி ஓர் உரையைக் கேட்டதில்லை என்றார். அடுத்த மாதக் கூட்டத்தில் வட்டமே இந்தப் புத்தகத்தைத்தான் விவாதிக்கப் போகிறது என்று அங்கேயே அறிவித்தார்.

"மயிலு, பொஸ்தகத்துப் பேரச் சத்தமாச் சொல்லுங்க. அல்லாரும் எழுதிக்கட்டும்."

முப்பது பேர் பேனாவைத் திறந்தார்கள். அவரும் காதைத் தீட்டிக்கொண்டார். அவருக்கும் தெரிய வேண்டியிருந்தது.

மயில்சாமி அவரைப் பார்த்தார். ருக்குமணியைப் பார்த்தார். அவள் கண்ணாடிக் கூட்டைத் திறந்து மூடினாள். மறுபடி திறந்தாள்.

பிறகு, என்ன இருந்தாலும் பதிவேடு என்று ஒன்று இருக்கிறதே என்பதுபோல, தலையை ஆட்டினாள்.

மயில்சாமி மைக்கைப் பிடித்தார்.

"கணவரின் குறட்டை: மனைவியர் செய்ய வேண்டியவை. மூன்றாம் பதிப்பு."

யாரும் சிரிக்கவில்லை.

ஏழெட்டுப் பேர் உண்மையாகவே எழுதிக்கொண்டார்கள். எல்லோரும் பெண்கள்.

பஜ்ஜி ஆறிக்கொண்டிருப்பதாகப் பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்.

பதிவேட்டின்படி அந்தப் புத்தகம் அவருடைய அட்டையில் ஐந்து முறை புதுப்பிக்கப்பட்டிருந்தது.