விட்டுவிட்டு வந்த வீடியோ

"கொம்பியூட்டரிலை பட்டம் எடுத்த பிள்ளைக்கு வீட்டுக் கொம்பியூட்டரைத் திருத்தத் தெரியேல்லையாம்!"

தனக்குள் சொல்லிச் சிரித்தபடி, உரும்பிராயில் அந்த வீட்டு வாசலில் ஸ்கூட்டியை நிறுத்தினாள் றஜனி. யாழ்ப்பாண நகரில் கணினி விற்கும் கடையில் திருத்த வேலைக்கு அவள்தான் பொறுப்பு. அவள் கை வைத்தால் எந்தப் பெட்டியும் வழிக்கு வரும் என்பது கடையில் எல்லோருக்கும் தெரியும். அவளுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

நேசராஜா மாஸ்ரர் வாசல் படலையைத் திறக்கும்போதே பிடித்துக்கொண்டார். மிஷன் பள்ளிக்கூடத்தில் உப அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். பதவிதான் போனது, குரல் போகவில்லை.

"வாங்கி ஒரு மாசமும் இல்லை. புதுசெண்டு சொல்லிப் பழசைத் தள்ளிவிட்டிருக்கிறியள்! நாளைக்குக் காலமை மகளுக்கு இன்ரவியூ. கொழும்புக் கொம்பனி வீடியோவிலை கேள்வி கேக்கப்போகுது. நேற்றுப் போட்டுப் பாத்தால் முகம் ஒரு இடத்திலை நிக்குது, குரல் பிறகு வருது!"

"கொஞ்சம் பொறுங்கோ மாஸ்ரர். பாத்திட்டுச் சொல்லுறன்."

மகள் நிஷானி கதிரையை இழுத்துப் போட்டாள். படிப்பு முடித்து இரண்டு வருஷமாக விண்ணப்பம் போட்டு, முதல்முதலாக வந்திருக்கும் இன்ரவியூ. முகத்தில் பயம் தெரிந்தது.

"எல்லாம் ஆறுதலா, மெல்ல மெல்லத்தான் திறக்குது அக்கா. வீடியோ எண்டால் விட்டுவிட்டு வருது."

"நீங்கள் ஒண்டும் செய்து பாக்கேல்லையோ?"

"இல்லை அக்கா."

பெட்டியைப் பார்த்ததுமே நோய் பிடிபட்டுவிட்டது என்று நினைத்தாள் றஜனி. கடையில் சுற்றிக் கொடுத்த பொலித்தீன் இன்னும் கழற்றப்படவில்லை. அதற்கு மேல், விளிம்பில் லேஸ் வைத்துத் தைத்த பூப்போட்ட உறை வேறு. புதுச் சாமானுக்கு நம் வீடுகளில் நடக்கும் மரியாதை. உள்ளே காற்றாடி மூச்சுவிட வழியில்லாமல் இரைந்துகொண்டிருந்தது.

"ஆர் தைச்சது?"

"அம்மா. தூசி படக்கூடாதாம்."

உறையும் பொலித்தீனும் போயின. சூடு இறங்கியது. "இனிப் பாருங்கோ!" என்று, கணினியில் இருந்த ஒரு வீடியோவை மிதப்பாகப் போட்டாள் றஜனி. சேர்ச்சில் எடுத்த நத்தார்ப் பாட்டு. பாட வாயைத் திறந்தவர்கள் திறந்தபடியே நின்றார்கள், மாஸ்ரர் உட்பட.

மாஸ்ரர் தொண்டையைச் செருமினார்.

"நான் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாறன்" என்று நிஷானி எழுந்து குசினிக்குப் போய்விட்டாள். படித்த பிள்ளை, பக்கத்தில் இருந்து பார்க்கக்கூட மாட்டாளாம்! இவளுக்கு யார் வேலை கொடுப்பான் என்று றஜனிக்கு எரிச்சலாக இருந்தது.

உள்ளே என்னதான் ஓடுகிறது என்று பார்க்கத் திரையில் ஒரு பக்கத்தைத் திறந்தாள்.

மாஸ்ரரின் சட்டைப்பையில் கைபேசி 'டிங்' என்றது.

மூடினாள். 'டிங்.'

இன்னொன்றைத் திறந்தாள். 'டிங்.'

றஜனி திரும்பிப் பார்த்தாள். மாஸ்ரரின் கை சட்டைப்பையைப் பொத்திக்கொண்டது.

பிறகு தேடுவதற்கு அதிக நேரம் எடுக்கவில்லை. திரையில் நடப்பதை எல்லாம் ஓயாமல் படம் பிடித்து இன்னொருவரின் கைபேசிக்கு அனுப்பும் செயலி ஒன்று உள்ளே ஒளிந்திருந்தது. கணினியின் பலத்தை முக்கால்வாசி அதுதான் தின்றுகொண்டிருந்தது.

"மாஸ்ரர், இது...?"

"மெல்லக் கதையும் பிள்ளை." உப அதிபரின் குரல் எங்கே போனதோ தெரியவில்லை. "தெரிஞ்ச பொடியன் ஒருத்தனைக் கொண்டு நான்தான் போடுவிச்சனான். நெல்லியடியிலை எங்கடை சொந்தத்திலை ஒரு பிள்ளை, கொம்பியூட்டரிலை ஆரோ ஒருத்தனோடை பழகி ஏமாந்து போச்சு. எனக்கு இருக்கிறது இவள் ஒருத்திதான். பயந்துபோனன். இது கொம்பியூட்டரை இப்பிடி இழுத்துப் பிடிக்குமெண்டு சத்தியமா எனக்குத் தெரியாது."

"இது கிடந்தால் நாளைக்கு இன்ரவியூ சரிவராது. எது வேணுமெண்டு நீங்களே சொல்லுங்கோ."

மாஸ்ரர் குசினிப் பக்கம் பார்த்தார்.

"கழட்டிவிடும். ஆனால் அவளுக்கு மட்டும் சொல்லிப்போடாதையும். பிறகு என்னை அப்பாவெண்டு மதியாள்."

றஜனிக்குக் கோபம் வந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் பாவமாகவும் இருந்தது. செயலியை அழித்துவிட்டு வீடியோவைத் திரும்பப் போட்டாள். பாட்டு ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடியது.

நிஷானி தேநீரோடு வந்தாள். "என்ன பிழை அக்கா?"

"எங்கடை பிழைதான் தங்கச்சி. கடையிலை பொருத்தேக்கை தேவையில்லாத ஒண்டை உள்ளுக்கு விட்டிட்டம்."

மாஸ்ரருக்குக் குரல் திரும்பி வந்துவிட்டது.

"நான் அப்பவே சொன்னனான்! பிழை உங்கடை கடையிலைதான் எண்டு!"

தேநீரோடு சேர்த்து அதையும் விழுங்கிக்கொண்டாள் றஜனி.

வழியனுப்ப நிஷானி படலை வரை கூட வந்தாள்.

"பெரிய உபகாரம் அக்கா. அப்பாவின்ரை பிழையை உங்கடை தலையிலை போட்டுக்கொண்டியள்."

றஜனி திடுக்கிட்டாள். "உங்களுக்குத் தெரியுமோ?"

"அவர் போடுவிச்ச அண்டைக்கே கண்டிட்டன்."

"பிறகேன் பேசாமல் இருந்தனீங்கள்? அழிக்கிறது உங்களுக்கு ஒரு நிமிஷ வேலையெல்லோ!"

"நான் அழிச்சால், எனக்குத் தெரியுமெண்டு அப்பாவுக்குத் தெரிஞ்சுபோமே. பிறகு என்ரை முகத்தைப் பாத்துக் கதைக்கவே அவர் கூசுவார். அதுதான் அக்கா, எனக்கு ஒண்டும் தெரியாதெண்டு உங்களைக் கூப்பிட்டனான்."