வெயிலில் விரித்த பாய்

“இங்க யாரும் யாரையும் முறை வெச்சுக் கூப்பிடறதில்ல. அக்கா, அண்ணா, அத்தை, எதுவும் கிடையாது. யாரும் சட்டம் போடல, ஆனா யாரும் மீறினதும் இல்ல” என்றாள் அறைத்தோழி, ஈரத்துண்டை உதறிக் கம்பியில் போட்டபடி.

“அப்புறம் எப்படித்தான் கூப்பிடறது?”

“விரிக்கிற பாயோட நிறத்தைச் சொல்லி. நான் சிவப்பு. நீங்க நீலம்.”

இந்தத் தீவு யோகா முகாமுக்குப் படகை விட்டு இறங்கியதுமே பேரையும் உறவையும் செருப்போடு சேர்த்துக் கரையில் கழற்றி வைத்துவிட வேண்டும் போலும். அதுவும் நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டாள் நீலம்.

யோகாசனக் கூடம் கடலைப் பார்த்தபடி நாற்புறமும் திறந்து கிடந்தது. காற்று வரும் பக்கமெல்லாம் முன்பே வந்தவர்கள் பாய் விரித்துவிட்டதால், முகத்தில் வெயில் அறையும் மூலைதான் நீலத்துக்கு மிஞ்சியது. அவள் உட்கார்ந்த சற்று நேரத்திலேயே, கடலோர வரிசையிலிருந்து ஒரு மஞ்சள் பாய் சுருண்டு எழுந்து, கூடத்தைக் கடந்து வந்து அவள் பக்கத்தில் விரிந்தது. பாய்க்குரியவளுக்கும் நீலத்தின் வயதுதான் இருக்கும்.

“மஞ்சளுக்கு மூளை கலங்கிடுச்சா? காத்து அள்ளிக்கிட்டுப் போற இடத்தை விட்டுட்டு இந்த அடுப்புக்குள்ள வந்து உக்காருது!” என்று காதைக் கடித்தாள் சிவப்பு.

பயிற்சி முடிந்து, தேநீர்க் குவளையோடு படிக்கட்டில் உட்கார்ந்து காலில் ஒட்டிய மணலைத் தட்டியபோது, மஞ்சள் கடலைப் பார்த்துக்கொண்டே பேச ஆரம்பித்தாள்.

“என் மருமக பொறந்த வீட்டுக்குப் போயிட்டா. நான் ஊர் திரும்பினதும் விவாகரத்துப் பத்திரத்துல ரெண்டு பேரும் கையெழுத்துப் போடறதா ஏற்பாடு.”

நீலத்தின் குவளை உதட்டருகே நின்றது. “உங்க பையன் அடிச்சாரா?”

“சேச்சே! ஈ எறும்புக்குக்கூட வழி விடறவன்.”

“குடியா?”

“தேநீரே பாதிதான் குடிப்பான்.”

“அப்ப அந்தப் பொண்ணு கிளம்பறப்ப அவர் எங்க இருந்தார்?”

மஞ்சள் குவளையைப் படியில் வைத்தாள். “குளியலறையில.”

“பொண்டாட்டி பெட்டியும் கையுமா வாசல்ல நிக்கறா, இவருக்குக் குளியல் கேக்குதோ?” நீலத்தின் குரல் உயர்ந்துவிட்டது. கடலோரம் கண்மூடி அமர்ந்திருந்தவர்கூட ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தார்.

மஞ்சள் எழுந்தாள். குவளையைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அறைக்குத் திரும்பியதும் சிவப்பு பிடித்துக்கொண்டாள். “நீங்க என்ன வக்கீலா? பாவம், அந்த மனுஷியைக் கூண்டுல ஏத்தி வெச்ச மாதிரி கேக்கறீங்க. நாளைக்கே பாயைச் சுருட்டிக்கிட்டு வேற பக்கம் போயிடப் போறாங்க.”

“தெரிஞ்சுக்கணும்னு தோணுச்சு, கேட்டேன்.”

“ஊரார் வீட்டுக் கதை உங்களுக்கு எதுக்கு?”

நீலம் தன் பாயைச் சுருட்டி மூலையில் சாய்த்தாள். ஆனால் அந்தக் குளியல் அவளை விடுவதாயில்லை. சவாசனத்தில் மல்லாந்து கிடக்கையில், “மூச்சை மட்டும் கவனியுங்கள்” என்று ஆசிரியர் இதமாகச் சொல்ல, அவள் மனமோ மஞ்சள் வீட்டுக் குளியலறைக் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தது. கட்டியவள் படியிறங்கும் நேரத்தில் ஒருவன் குளிக்கப் போவான் என்றால், அவன் நெஞ்சு கல்லாகத்தான் இருக்க வேண்டும். அல்லது வேறு ஏதாவதா? அந்த வேறு எதுவென்று தெரியாமல் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சிவப்பு பயந்ததுபோல் மஞ்சள் இடம் மாறவில்லை. கடைசி நாள் காலையிலும் அதே வெயிலில்தான் பாய் விரித்திருந்தாள். எல்லோரும் ஒற்றைக் காலில் மரம்போல் நின்றிருந்தபோது, தலையைத் திருப்பாமல் மெல்லப் பேசினாள்.

“அன்னைக்குக் குழாய் ரொம்ப நேரம் ஓடிச்சு. அவ ஏறின வண்டி தெருமுனை திரும்பின பிறகுதான் வெளியில வந்தான். தோள்ல துண்டு மடிப்புக் கலையாம அப்படியே கெடந்துச்சு. தலை நனையவே இல்ல. கண்ணு மட்டும்தான் செவந்திருந்துச்சு.”

மரம் சாய்ந்தது. நீலம் தடுமாறி இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டாள்.

“இதை ஏன் அந்தப் பொண்ணுகிட்ட சொல்லல?”

“எப்படிச் சொல்றது? ரெண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தையே இல்ல. நான் போன் பண்ணினா யாரும் எடுக்கறதில்ல. எதிர்ல வந்தாக்கூட முகத்தைத் திருப்பிக்கிறாங்க.”

“பேசாதீங்க, மூச்சு!” என்றார் ஆசிரியர்.

விடைபெறும் வேளையில் அங்கே ஒரு வழக்கம்: அடுத்திருப்பவரின் பாயைச் சுருட்டி அவர் கையில் கொடுத்து, ஒன்றும் பேசாமல் தலைவணங்கிவிட்டுப் படகுக்குப் போக வேண்டும். கூடம் முழுக்க அமைதியாகத் தலைகள் தாழ்ந்து நிமிர்ந்தன. நீலம் மஞ்சள் பாயைச் சுருட்டினாள். நீட்டினாள். மஞ்சள் அதைப் பற்றிய பிறகும் இவள் பிடியை விடவில்லை.

பிறகு கூடமே திரும்பிப் பார்க்கும்படி, கலங்கிய குரலில் சொன்னாள்: “படகு ஏறினதும் என் பொண்ணுக்குப் போன் போட்டுத் தரேன், சம்பந்தியம்மா. மாப்பிள்ளையோட தலை நனையலேங்கறதை உங்க வாயாலயே அவகிட்ட சொல்லிடுங்க!”

மஞ்சளிடம் துளி வியப்பும் இல்லை. “நாம நல்லா இருந்தப்போ சேர்ந்து பதிவு பண்ணின இடமாச்சே சம்பந்தி, எப்படியும் வருவீங்கன்னுதான் வந்தேன், இல்லேன்னா அந்தக் காத்தை விட்டுட்டு இந்த வெயில்ல வந்து விழ எனக்கென்ன தலையெழுத்தா?”