பழைய நஷ்டம்

லாரி மோதி மனைவி மேகலா இறந்ததற்கான நஷ்டஈடு, ஏழு வருட வழக்குக்குப் பிறகு வட்டியோடு வந்திருந்தது. கதிரேசன் ஆடிட்டர் எதிரே உட்கார்ந்திருந்தான்.

“நஷ்டஈட்டுக்கு வரி கிடையாது தம்பி. கேஸ் இழுத்த காலத்துக்குக் கொடுத்த வட்டிக்குத்தான் வரி. அது வருமானம்.”

“காத்திருந்ததா சார் வருமானம்?”

“சட்டம் அப்படித்தான் சொல்லுது.” கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே, எல்லோரிடமும் கேட்பதை அவனிடமும் கேட்டார். “நஷ்டம் ஏதாவது இருந்தா சொல்லுங்க, கழிச்சுப் பார்க்கலாம்.”

“ஏழு வருஷத்துக்கு முந்தி ஒண்ணு.”

“பழைய நஷ்டமா? அந்த வருஷமே காட்டியிருக்கணுமே. காட்டினீங்களா?”

மேகலாவைக் கிடத்தியிருந்த கூடத்தில், கண்கூடக் கலங்காமல், வந்தவர்களுக்கெல்லாம் நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தது கதிரேசனுக்கு ஞாபகம் வந்தது.

“யார்கிட்டயும் காட்டல சார்.”