பெட்டி வரும் வழி

"அட்டைப்பெட்டி இல்லாம பேக்கிங்கே நின்னு போச்சுண்ணே!" கம்பெனியின் கொள்முதல் அதிகாரி போனில் அலறினார்.

பெட்டி செய்து தரும் பெட்டிக்காரர் அவசரமாக ஆர்டர் தாளைப் புரட்டினார். பெரிய கம்பெனி தந்த முதல் ஆர்டராயிற்றே!

"முந்தாநாளே லாரியில ஏத்திட்டேன் சார். வெளியூர்ல இருக்கற உங்க தலைமைக் கிடங்குல சோதிச்சு, முத்திரை குத்தி அனுப்பணுமே. இன்னும் ரெண்டு நாளாகும்."

"நேரா இங்க அனுப்பியிருக்கலாம்ல?"

"கூடாதுன்னு விதி போட்டதே நீங்கதானே சார்!"

"அதுவும் சரிதான். உங்களுக்கு இந்த ஆர்டரை வாங்கித் தர நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்... சரி, போனை வைங்க. ஜன்னல் வழியாவே நீங்க பேசறது கேக்குது."

பெட்டிக்காரர் எட்டிப் பார்த்தார். சந்துக்கு எதிர்ப்புறம், ஆறடி தூரத்தில், அதிகாரி பாவமாகக் கையசைத்தார். அவர் தலைக்கு மேலே புத்தம்புதுப் பலகை பளபளத்தது: 'உள்ளூர்க்காரர்களுக்கே எங்கள் முன்னுரிமை!'