மேலாக வைத்த தோல்

"அழுகினதை மேலாக வை. நடுவுல சொருவிடாதே" என்றாள் அன்வரி பேகம்.

மேஸ்திரி பக்தவச்சலம் திடுக்கிட்டான். அடுக்கில் இருந்த ஆட்டுத்தோல் அத்தனையும் ஆவாரம்பட்டையில் பதமாக ஊறிப் பொன்னாய் மின்னிக்கொண்டிருந்தது. கெட்டுப்போனது அந்த ஒன்றுதான்.

"இன்னா பீபிம்மா இது? துபாஷி ஆபித் பாஷா இதுக்குன்னே காத்துக்கினு இருப்பான். நாமளே ஊட்டி உடறதா?"

"இருக்கட்டும். அடுக்கை என் தட்டிகிட்ட வை. தொரை மூஞ்சி எனக்குத் தெரியணும்."

அவள் புருஷனை வாணியம்பாடியில் 'அழுகல் முக்தார்' என்றுதான் சொன்னார்கள். வருஷா வருஷம் மதராஸ் கம்பெனி துரை சரக்கைப் பார்த்து இங்கிலீஷில் ஏதோ சொல்வார். 'அழுகல்' என்று அதைத் தமிழில் சொல்வான் பாஷா. சரக்கு பாதி விலைக்குப் போய்விடும்; அந்தப் பணமும் பாஷா கை வழியாகத்தான் வரும். "என் தோல் நல்ல தோல்" என்று சொல்லிச் சொல்லியே முக்தார் அகமது கண்ணை மூடினார். இந்தச் சரக்கும் அப்படிப் போனால் கிடங்கு ஏலத்துக்கு வந்துவிடும்.

துரை வந்தார். மேலே கிடந்த தோலைத் தூக்கினார். விரல் பட்ட இடம் கிழிந்தது. "ராட்டன்!" என்று மூக்கைச் சுளித்து வீசினார்.

"கேட்டீங்களா பாபி? அழுகல்ங்கிறார்" என்றான் பாஷா, அன்வரி மறைவாக உட்கார்ந்திருந்த மூங்கில் தட்டியைப் பார்த்து.

துரை அடுத்ததைத் தடவினார், வெளிச்சத்தில் பிடித்தார். முகம் மலர, "ஃபைன்" என்றார். அதற்கடுத்ததற்கும் "ஃபைன்".

"இதுங்களும் அழுகல்தானாம். பாதி வெலைக்கு மேல பேச்சே இல்லைன்றார். உங்களுக்கு எதுக்கு இந்த பேஜார்? கிடங்கை எனக்கே குடுத்துட்டு ஊட்டோட இருங்க பாபி."

தட்டி விலகியது. கறுப்புத் துப்பட்டிக்குள்ளிருந்து ஒரு கை நீண்டு, தரையில் கிடந்த தோலைக் காட்டியது.

"ராட்டன்."

துரை தலையசைத்தார்.

கை ஒரு நல்ல தோலை எடுத்தது. "ஃபைன்."

அதற்கும் தலையசைத்தார்.

அந்த நல்ல தோலை உயர்த்திப் பிடித்தபடியே, மறுகையின் விரல் பாஷாவின் வாயைக் காட்டியது. "ராட்டன்." பிறகு விரல் மெல்ல இறங்கி அவன் நெஞ்சில் வந்து நின்றது.

"ராட்டன்!"

துரையின் முகம் சிவந்தது. நல்ல தோலுக்கென்று இத்தனை வருஷமும் தாம் கொடுத்த முழு விலை யார் பையில் தங்கியது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. பாஷாவின் கோட்டுக் காலரைக் கொத்தாகப் பிடித்தார்.

"பாபி... நீங்க... இங்கிலீஷ் எப்போ கத்துக்கினீங்க?" பாஷாவுக்கு நாக்குக் குழறியது.

"இப்பத்தான் பாய். ஒரு அழுகல் தோல் செலவாச்சு."