பாதாளத்தில் ஒரு மாமியார்

லைல் தன் மாமியாரை உயிரோடு மண்ணுக்குள் வைத்துவிட்டான் என்று எங்கள் கான்சாஸ் ஊர் முழுக்கப் பேச்சு.

பேச்சில் பொய் இல்லை. ராணுவம் ஏவுகணையை எடுத்துக்கொண்டு சும்மா போட்டுவிட்டுப் போன பாதாளக் குழியை வாங்கி, அதற்குள் அறை கட்டி, ஓப்பல் கிழவியைக் குடிவைத்துவிட்டான். அவனும் பெண்டாட்டியும் மேலே தகர வீட்டில் காற்றாட இருந்தார்கள்.

ஒரு திங்கட்கிழமை, சர்ச் மாதர் சங்கத் தலைவி நார்மா நியாயம் கேட்கக் கிளம்பிவிட்டாள். புருஷன் கோர்டனை மேலே வண்டியிலேயே உட்காரச் சொல்லிவிட்டுக் குழிக்குள் இறங்கினாள்.

"ஓப்பல், துணிமணியை எடுத்து வையி. நம்ம சர்ச் விடுதியில உனக்கு ரூம் பார்த்தாச்சு. ஜன்னல் இருக்கு. மனுஷங்க இருக்கற இடம்."

கிழவிக்கு எதிரே சீட்டுக்கட்டோடு உட்கார்ந்திருந்த லைல் எழுந்துபோய் இரும்புக் கதவை இழுத்துச் சாத்தினான். அணுகுண்டுக்கே அசையாத கதவு.

"என்னடா, என்னையும் சேர்த்துப் புதைக்கிறியா?"

"ஒரு ஆட்டம் போட்டுட்டுப் போங்கக்கா." சீட்டைக் கலைக்க ஆரம்பித்தான்.

"திங்கக்கிழமை மத்தியானம்னா இதே கூத்துதான்," என்றாள் ஓப்பல். "கோதுமை அறுப்பையே பாதியில போட்டுட்டு வந்து உக்காந்துடுவான். என் மக தேடிப் பிடிச்ச மாப்பிள்ளை அப்படி. சரி, போடு."

நார்மா செல்போனை எடுத்துப் பார்த்தாள். பாதாளத்தில் அது வெறும் கல். வேறு வழியில்லாமல் ஆடினாள். தோற்றாள்.

லைல் கதவைத் திறந்தான்.

"நான் பெட்டி கட்டறேன் நார்மா," என்றாள் ஓப்பல். "இவன் மூஞ்சியிலேர்ந்து தப்பிச்சா போதும்."

நார்மா வெற்றியோடு மேலே வந்தாள். பின்னாலேயே லைல்.

வண்டியில் கோர்டன் காதைக் குடைந்துகொண்டிருந்தான். "இப்பதான் அபாயச் சங்கைச் சோதனை பண்ணினாங்க. நம்ம விடுதிக் கூரையில ஊதினா இங்க காது கிழியுது."

"திங்கக்கிழமை மத்தியானம் ஊதறதுதானே. என்ன புதுசு?"

"புதுசில்லக்கா," என்றான் லைல், தரையைப் பார்த்தபடி. "மாமாவைச் சூறாவளி அடிச்சிட்டுப் போனப்ப ஊதின சங்கு அது. இப்ப அது கேட்டாலே அத்தை கட்டிலுக்கடியில போய்ப் புகுந்துக்குவாங்க. சோதனைதான்னு சொன்னா மண்டையில ஏறாது. ரெண்டு நாளைக்குச் சாப்பாடு இறங்காது. நம்ம பக்கத்துல அது கேக்காத இடம் இது ஒண்ணுதான். அதுவும் கதவைச் சாத்தினாதான்."

நார்மா வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். கோர்டன் வண்டியைக் கிளப்பியதும் தலையை வெளியே நீட்டினாள்.

"ரூமுக்கு வேற ஆள் வந்தாச்சுன்னு ஓப்பல்கிட்ட சொல்லிடு. அடுத்த திங்கக்கிழமை நானும் வரேன். கிழவி சீட்டுல ஏமாத்துறா, கேக்க ஆளில்ல."